பால் மறவாதவளுக்கு ஒரு விருந்து

பார்க் மெட்ரோ நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். ஒருத்தியின் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. மற்றவள் அவளுடைய சிநேகிதி.

"சனிக்கிழமை கட்டாயம் வா. இவள் பால்குடி மறந்ததுக்கு விருந்து," என்றாள் தாய்.

நான் பேப்பரைத் தாழ்த்தினேன்.

"அதுக்கும் ஆரும் விருந்து வைப்பினமே?"

"ஆபிரகாம் வைச்சவராம், ஈசாக்கு பால் மறந்த நாளிலை. பூசையிலை அதைக் கேட்டதிலை இருந்து என்ரை மனுசனுக்கு ஒரே துள்ளல். கோயில் முழுக்கச் சொல்லிப்போட்டார். எண்பது பேர்."

"ஆபிரகாம் மனுசியைக் கேட்டவரோ?"

"கேட்டிருந்தால் விருந்து நடந்திருக்காது."

"சரி, இவள் எப்ப மறந்தவள்?"

"எங்கை மறந்தவள்!"

சிநேகிதி சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"வேப்பெண்ணெய் பூசிப் பாத்தனியே?"

"பூசினனான். ஒருக்கா வாயை வைச்சு முகத்தைச் சுளிச்சாள். பேந்து குளியலறைக்கு ஓடிப்போய், ஈரத் துவாயோடை வந்து, 'அம்மா, துடையுங்கோ' எண்டாள்."

"கெட்டிக்காரி! அப்ப விருந்தை நிப்பாட்டன்."

"எப்பிடி நிப்பாட்டுறது? ஆட்டிறைச்சிக்குச் சொல்லியாச்சு. பூசை வைச்ச சுவாமியும் வாறார்."

அதற்குள் குழந்தை தாயின் கோட்டுப் பொத்தான்களைத் தானே கழற்றி, உள்ளே தலையை நுழைத்துவிட்டது. தாய் குனிந்து பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கோட்டை இழுத்துக் குழந்தையை மூடினாள்.

"சனம் ஆட்டிறைச்சியைச் சாப்பிடட்டும்," என்றாள். "இவள் தன்ரை விருந்தைக் குடிக்கட்டும்."