ரூட்டரில் நான் மாற்றிய டைரக்டரி

உட்காருங்கள் கண்ணுகளா, அவசரமில்லை. சித்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் எனக்கு விசாரணைப் பிரிவில் வேலை. பெயரைச் சொல்வார்கள், நம்பரைச் சொல்வேன். வீட்டு வைஃபை ரூட்டரும் இதே வேலையைத்தான் பார்க்கிறது. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அது ஒரு டைரக்டரியைக் கேட்டு நம்பரை வாங்கிக்கொள்ளும். எந்த டைரக்டரியைக் கேட்பது என்பதை டிஎன்எஸ் என்ற கட்டத்தில் நாமே எழுதலாம். வேண்டாத பெயர்களைத் தடுத்து வைக்கும் டைரக்டரிகளும் உண்டு. ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டேன்.

என் தங்கை ரோஜாவுக்கு இருபது வயதில் ஜுரம் கண்டு காது போய்விட்டது. போன் வைத்துக்கொள்ள மாட்டாள். லேப்டாப்பில் மெயில்தான் அவளுக்கு எல்லாம். அவளுக்காகத்தான் நான் கல்யாணமே வேண்டாம் என்றேன்.

ஆடி மாதம் அவள் குளிக்கப் போனபோது மெயில் திறந்தே கிடந்தது. நாயுடுபேட்டை தணிகாசலம், மனைவியை இழந்தவர். திருப்பதியில் காது டாக்டரிடம் போன இடத்தில் பழக்கமாம். "தீபாவளி கழிச்சு வந்து இட்டுகினு போறேன்" என்று எழுதியிருந்தார். "அக்கா ரெண்டு நாள் அழுவும். அப்புறம் பூனை வளத்துக்கும்" என்று இவள் பதில் போட்டிருந்தாள்.

நான் அழவில்லை. டைரக்டரியை மாற்றி, மெயில் தளத்தை மட்டும் தடுத்தேன்.

கேபிள்காரன் குணா வந்து பார்த்தான். "பாட்டு வருது, படம் வருது, நெட்டு சூப்பரா கீதும்மா. லேப்டாப்புதான் உங்க தங்கச்சியவிட கெழடு" என்று சிரித்தான். 'மெயில் கம்பெனியிலேயே கோளாறாம்' என்று ரோஜாவுக்கு எழுதிக் காட்டினேன்.

அந்த வாரம் அவள் இரண்டு மெயிலுக்குக் காத்திருந்தாள். ஒன்று அவருடையது. மற்றது, மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சதையின் ரிப்போர்ட்.

"கெட்ட சேதின்னா ஆள் வுட்டாவது சொல்லியிருப்பாங்க, இல்லக்கா?" என்றாள். தலையாட்டினேன்.

அவள் பாஸ்வேர்ட் 'கமலம்மா'. என் பெயர்தான். வைஃபையை அணைத்து, என் போனின் சொந்த நெட்டில் ரிப்போர்ட்டை மறுநாளே படித்துவிட்டேன். உடனே சிகிச்சை தொடங்கச் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் பிரித்துக் கொடுக்க ரூட்டருக்குத் தெரியாதே.

தீபாவளி கழிந்து தணிகாசலம் வந்து கதவைத் தட்டினார். ரோஜா அடுக்களையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. திறக்கவில்லை.

வலி வந்தபோது தைலம் தடவிவிட்டேன். அடுத்த ஆடியில் போய்ச் சேர்ந்தாள். கடைசி வரை என் கையைத்தான் பிடித்திருந்தாள். என்னை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை, கண்ணுகளா.