பகலில் குகைக்கு அனுமதி இல்லை

காலையில் எழுந்ததும் முதலில் குழாயைக் கழுவுவேன். என் மனைவி கோரினின் தொண்டையில், மூச்சுக்காக வைத்த குழாய். வெந்நீர், சின்ன பிரஷ், சுத்தமான துணி. பிறகு அவளுக்கு ஓட்ஸ் கஞ்சி. பிறகு கட்டிலருகே கணினித் திரையையும் விசைப்பலகையையும் இழுத்து வைத்து, தொலைபேசி ரிசீவரை இணைப்புப் பெட்டியின் ரப்பர்க் குழிகளில் அழுத்தி, அந்தத் தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியோடு இணைத்துவிடுவேன். கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்புவேன். அறுவை சிகிச்சைக்குப் பின் அவளுக்குக் குரல் இல்லை. தொலைபேசியால் வேறு பயனும் இல்லை.

அந்தக் கணினிக்கு நான் பொறுப்பு. துறை முழுவதற்கும் ஒரே இயந்திரம். விளையாட்டுகளை யார், எப்போது ஆடலாம் என்பதை நான்தான் தீர்மானிப்பேன். கூட்டம் சேர்ந்தால் மூடுவேன், குறைந்தால் திறப்பேன். பகலில் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்புவதையும் நிறுத்தியிருந்தேன். எனக்கு மட்டும் அனுப்பலாம். மாணவர்கள் பொய் சொல்வார்கள். விளையாட்டுக்குள் இருப்பவனிடம் அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும் என்பார்கள். திறந்துவிட்டால் மதியம்வரை ஆடுவார்கள்.

"என்ன வார்டன், இன்னிக்கு ஜெயில் கதவு எப்ப திறக்கும்?" என்று கேட்பான் ரஸ்டி. முதுகலை மாணவன். நல்ல பையன்.

எல்லோருக்கும் பிடித்தது குகை விளையாட்டு. பலர் ஒரே இருட்டுக் குகையில் அலைவார்கள், எதிரே வருபவரோடு தட்டச்சு செய்து பேசிக்கொள்வார்கள். கோரினும் போவாள்.

"உங்க வைஃப் செம வாயாடி, நீல்," என்றான் ரஸ்டி ஒருநாள். "நேத்து எங்க நாலு பேரையும் ஓட்டித் தள்ளிட்டாங்க. ஆமா, ராத்திரி தூங்கவே பயமா இருக்குன்னாங்களே, இப்ப பரவால்லையா?"

பரவாயில்லை என்றேன். அவள் பயப்படுவது எனக்குத் தெரியாது. எனக்கு அவள் சிலேட்டில் 'பால்' என்று எழுதுவாள். 'களிம்பு' என்று எழுதுவாள்.

மறுநாள் முதல் குகை அவள் பெயருக்குத் திறக்காதபடி செய்தேன். அவளுக்கு ஓய்வு தேவைப்பட்டது. ஏன் என்று சிலேட்டில் கேட்டாள். எல்லோருக்கும் அதே விதிதான், பகலில் இல்லை, ஐந்து மணிக்கு மேல்தான் என்றேன்.

அந்த வியாழக்கிழமை கடும் பனி. துறைக்கு வந்தவர்கள் குறைவு, அதனால் விளையாட்டைத் திறந்திருந்தேன். என் அறைக் கண்ணாடிக்கு அப்பால் ரஸ்டியும் நண்பர்களும் குகைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் திரையில் கோரினின் செய்தி வந்தது.

"குழாய் அடைச்சிருக்கு. வா."

காலையில்தான் கழுவினேன், விளையாட்டு ஐந்து மணிக்கு மேல் என்று பதில் அனுப்பினேன். அவள் இன்னொரு வரி எழுதினாள். படித்தேன். பிறகு எனக்கு வரும் செய்திகளையும் நிறுத்தினேன்.

யாரெல்லாம் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், ஒவ்வொருவரும் விசையைத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதும் தெரியும். கோரின் பெயருக்கு எதிரே அந்த எண் பகல் முழுக்க வளர்ந்துகொண்டே போனது. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் யாரோடும் பேசவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைக்கவில்லை.

மதியம் ரஸ்டி எட்டிப் பார்த்தான். "கோரின் ஏன் வரல? போரடிக்குது."

தூங்குகிறாள் என்றேன்.

மாலையில் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ரிசீவர் குழிகளில் அப்படியே இருந்தது. இணைப்பு அறுபடவில்லை.

அவள் கணக்கை நான் இன்னும் நீக்கவில்லை. குகையை அவள் பெயருக்கு எல்லா நேரமும் திறந்து வைத்திருக்கிறேன். குழாயை இன்று காலையும் கழுவினேன்.

அவள் கடைசியாகச் சொன்னது என்ன என்று அன்று விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டீர்கள். சிலேட்டைக் காட்டினேன். 'பால்' என்று இருந்தது. குறித்துக்கொண்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். அது காலையில் எழுதியது. கடைசியாகச் சொன்னது அந்த இன்னொரு வரி.

"அப்ப குகைய திற, நீல். அங்க யாராச்சும் என்னை நம்புவாங்க."