மணி அடிக்கும் வரை

காப்பி நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் காப்பியை நிறுத்தி வெகு காலம் ஆயிற்று. வயிற்றைப் புண்ணாக்கும் என்று என் வீட்டுக்காரர் நிறுத்தினார். அவர் எதைச் சொன்னாலும் அதில் பாதி உண்மை இருக்கும். அதுதான் அவரிடம் தொல்லையே.

ஓய்வு பெறும் வரை அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்தது, தீய்ந்தது, வளைந்தது என்று பொறுக்கி ஒதுக்கும் வேலை. வேலை போயிற்று, பழக்கம் போகவில்லை. வீட்டில் ஒதுக்குவதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஓய்வு பெற்றதும் யோகா கற்றுக்கொண்டார். யோகாவை நான் குறை சொல்ல மாட்டேன். யோகா என்ன செய்யும், பாவம். அவருடைய முதுகுவலி போயிற்று, முகம் தெளிந்தது. பக்கத்துப் பூங்காவில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள் போன் செய்யும்போதெல்லாம், "அப்பா எவ்ளோ நல்லா இருக்கார் பாரு. நீயும் அவர் சொல்றதைக் கேளேம்மா" என்பாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

உப்பைக் குறைத்தோம். தலையணையை எடுத்தார். இடது பக்கமாகப் படுக்க வேண்டும் என்றார், நான் தூக்கத்தில் புரண்டால் தட்டித் திருப்பிப் போடுவார். சாப்பிடும்போது பேசக்கூடாது. தினமும் காலையில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்து, "நாக்கை நீட்டு" என்பார். நாக்கில் வெள்ளை படிந்திருந்தால் முந்தின நாள் நான் ஏதோ தின்றுவிட்டேன் என்று அர்த்தம். என்ன தின்றேன் என்று சொல்லும் வரை நாக்கை உள்ளே இழுக்கக்கூடாது. நாக்கை நீட்டிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று ஒருநாள் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடித்தாரா என்று கேட்டீர்கள். கை நீட்டியதே இல்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் யாரிடமாவது போய்ச் சொல்லியிருப்பேன். உப்பைக் குறைத்தார் என்று யாரிடம் போய் அழுவது?

வீட்டு அமைப்பைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். படுக்கையறைக்கு ஒரே கதவு. அதைத் திறந்தால் கூடம். குளியலறை, சமையலறை, வாசல் எல்லாவற்றுக்கும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடத்தில், அந்தக் கதவை ஒட்டித்தான் அவர் பாயை விரிப்பார். விடிவதற்கு முன் எழுந்து பயிற்சியைத் தொடங்கினால், கடைசியில் தலைகீழாக நின்று இறங்கி, ஒரு சின்னப் பித்தளை மணியை அடிப்பார். அந்த மணி அடிக்கும் வரை வீட்டில் யாரும் பேசக்கூடாது, நான் வெளியே வரக்கூடாது. என்னைப் பூட்டி வைத்தார் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். தாழ்ப்பாள் போட்டதே இல்லை. அந்த அளவுக்கு என்மேல் நம்பிக்கை.

படுக்கையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மரத்தில் எந்த ரேகை எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். ஜன்னலுக்கு வெளியே பால் வண்டி போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள், ஊரே எழுந்து நடமாடும். எனக்கு மட்டும் விடியாது.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. அவர் பூங்காவில் எல்லோரிடமும், "சுவத்தைத் தொடாதீங்க. சுவத்தைத் தொட்டா அது ஆசனமே இல்ல, ஏமாத்து" என்று சொல்வார். வீட்டில் அவர் குதிகால் இரண்டையும் கதவில் சாய்த்துத்தான் நிற்பார். சாய்க்காமல் அவரால் நிற்க முடியாது. குதிகால் பட்டதும் கைப்பிடியின் தாழ் டக்கென்று ஒரு சின்னச் சத்தம் போடும். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அது தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. புருஷன் மானத்தைக் கப்பலேற்றுகிறவள் இல்லை நான்.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாளுக்கு முந்தின நாள் அடுத்த வீட்டுப் பெண் கூப்பிட்டாளென்று போய் அரை டம்ளர் காப்பி குடித்தேன். சாயந்திரமே கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை. "உனக்குப் பொறுமை பத்தல. நாளைலேர்ந்து என் பயிற்சி நேரத்தைக் கூட்டறேன். அதுவரைக்கும் உள்ள உக்காந்து பழகு" என்றார்.

மறுநாள் எனக்கு வயிறு சரியில்லை. கதவை லேசாகத் தட்டினேன். அந்தப் பக்கமிருந்து கதவில் குதிகாலால் ஒரு தட்டு. பொறு என்று அர்த்தம். பொறுத்தேன். மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே பதில். அந்த வயதில், சொந்த வீட்டில், பாவாடையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி நின்றேன். என் கால் வழியாக ஈரம் இறங்கியது. அதன் பிறகு அவசரம் எதுவும் இல்லை. இதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் திறந்தேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அவரைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. கைப்பிடியைத் திருப்பி என் பக்கம் இழுத்தேன், அவ்வளவுதான். அவர் காலோடு சேர்ந்து அறைக்குள் வந்து விழுந்தார். கழுத்து நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. கண் திறந்திருந்தது, உதடு அசைந்தது. நான் அவரைத் தாண்டிக் குளியலறைக்குப் போய், குளித்து, துணி மாற்றிக்கொண்டு வந்தேன்.

உடனே ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். மணி அடிக்கவில்லையே, மேடம். மணி அடிக்காமல் பேசக்கூடாது என்று அவரே வைத்த சட்டம். பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெயில் பாய் மேல் வந்து விழுந்த பிறகுதான் மணியை எடுத்து நானே அடித்தேன். அடித்துவிட்டு போன் செய்தேன். மயக்கம் வந்து விழுந்துவிட்டார் என்றேன்.

கையும் காலும் போய்விட்டன. மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட்டார்கள். குழாயின் வாயில் மாட்ட ஒரு சின்ன மூடி கொடுத்து, "இதை மாட்டிப் பழக்குங்கம்மா, பேச்சு வந்துடும்" என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அந்த மூடியை அலமாரியில் பத்திரமாக வைத்தேன். தொலைந்துவிடக்கூடாதே.

அதன் பிறகு அவரை நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். உப்பு இல்லாத கஞ்சி, கரண்டியால் வெந்நீர், இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைப்பது, எதிலும் குறை வைக்கவில்லை. காலையில் டார்ச் லைட்டை அடித்து நாக்கைப் பார்ப்பேன். நீட்டத் தாமதமானால் காத்திருப்பேன். மணி அடித்த பிறகுதான் அவர் அறைக்குள் போவேன். இப்போது மணியை அடிப்பது நான். சில நாள் மறந்துவிடும். மறந்துவிடும் என்று சொல்வது சரியில்லை. சில நாள் அடிப்பதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குடிக்கத்தான் முடியாது, குமட்டும். வாசனை பிடித்துவிட்டுக் கொட்டிவிடுவேன். இங்கே இந்தக் காப்பியைக் குடிக்க முடிகிறது, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

மகள் லீவில் வந்தாள், துண்டு தேடும்போது மூடியைப் பார்த்தாள், அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். என்மேல் புகார் கொடுத்ததும் அவள்தான். அவளைத் தப்பு சொல்ல மாட்டேன், அப்பா செல்லம்.

நீங்களும் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். "நானாத்தான் விழுந்தேன். அவ தூங்கிட்டிருந்தா. கதவுல நான் என்னைக்கும் சாய்ஞ்சதே இல்ல" என்றாராம். என்ன பெரிய மனது என்று நீங்கள் சொன்னபோது உங்களுக்குக் கண்கூடக் கலங்கியது. பிறகு என்ன சொன்னார் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். "அவளை அனுப்பிடுங்க. காலைல வெந்நீர் நேரம் தப்பிடும்."

பேனாவை மூடாதீர்கள், மேடம். வீட்டுக்குப் போங்கம்மா என்று சொல்லாதீர்கள். அவர் சொல்வது பொய். நான் தூங்கவில்லை. அவர் கடைசியாகத் தட்டிய பிறகு களைத்துப்போய்க் காலைக் கீழே இறக்கிவிட்டார். மறுபடி தலைகீழாக ஏறிக் குதிகாலைச் சாய்த்து, தாழ் டக்கென்று சத்தம் போடும் வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் கேட்டது, திறந்தேன். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

இதில் எனக்கு வேறு நோக்கம் ஒன்றும் இல்லை. உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான். உள்ளே ஒரு கட்டில் இருந்தால் போதும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் சுதந்திரமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் அங்கே மணி அடிப்பார்கள் அல்லவா? அடிக்காவிட்டால் எனக்கு எழுந்து வரத் தெரியாது.