எதிர்ப்பக்கத்து நாற்காலி

இல்லம்மா, அந்த பெஞ்சுல உக்காராத, ஒரு கால் ஆடும். இப்படி வா. போன தடவை ஒரு அம்மா கைக்குழந்தையோட சாஞ்சு விழுந்துச்சு. செவுத்துக்கு பெயிண்ட் அடிக்க ஆள் இருக்கு, பெஞ்சுக்கு ஒரு ஆணி அடிக்க ஆள் இல்ல. மனு குடுத்துட்டியா? அந்த ஜன்னல்லதானே? சரி, இனிமே பேர் கூப்பிடுற வரைக்கும் நமக்கு ஒரு வேலையும் இல்ல. அடிக்கடி எழுந்து போய் நின்னா அந்தத் தொப்பிக்காரருக்குப் பிடிக்காது, வேணும்னே கடைசியில கூப்பிடுவாரு.

முதல் தடவையா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. வீட்டுக்காரரா? என்ன, அடிதடியா? அட, அதெல்லாம் வந்துடுவாரும்மா. ஜாமீன் குடுப்பாங்க. அழாத. நானே அழாம உக்காந்திருக்கேன், நீ எதுக்கு அழுற?

எனக்கு மகன். ஒரே பையன். உள்ள, கடைசிக் கட்டடம். ஆமா, தூக்குக் கைதிங்க இருக்குற அந்தக் கட்டடம்தான். டிவியில பாத்திருப்ப. ஒரு டீச்சரையும் அவங்க வீட்டுக்காரரையும் கொன்னுட்டு நகையை எடுத்துட்டுப் போனது. ம்ம். அவன்தான். தள்ளி உக்காரணும்னா உக்காந்துக்கோ, நான் தப்பா நினைக்கமாட்டேன், பஸ்ஸுலயே எழுந்து போறவங்க இருக்காங்க. தள்ளி உக்காரலையா? நல்ல பொண்ணும்மா நீ.

செஞ்சானான்னு கேக்க வாய் வருது, கேக்க மாட்டேங்குற. செஞ்சான். இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். எல்லா அம்மாவும் என் பையன் அப்படிப்பட்டவன் இல்லைன்னுதான் சொல்லுவா, நானும் ரொம்ப நாள் சொன்னேன். அப்புறம் அவனே எங்கிட்ட சொல்லிட்டான். உள்ள பாத்துப் பேசுற ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, ஆமாம்மான்னான். அத்தோட வாயை மூடிக்கிட்டேன்.

யாரோ எவரோ இல்ல அவங்க. எங்க வீட்டுக்காரருக்குக் குழாய் வேலை. அந்த வீட்டுல மோட்டார் ஓடலைன்னாலும் சரி, சொட்டுச் சொட்டா ஒழுகினாலும் சரி, எங்காளைத்தான் கூப்பிடுவாங்க. வேற ஆள் போனா டீச்சர் கதவே தொறக்காது. அவங்க பொண்ணு தவழ்ற காலத்துலயிருந்து எங்காளுக்கு அந்த வீட்டுல பழக்கம். என் பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுத்ததே அந்த டீச்சர்தான். அன்னிக்கு எங்காளுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. நீ போய் அந்த வால்வை மாத்திக் குடுத்துட்டு வாடான்னு பையை எடுத்துக் குடுத்து இவனை அனுப்பி வச்சாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத.

கேஸு எல்லாக் கோர்ட்டும் ஏறி இறங்கியாச்சு. கருணை மனுவும் திரும்பி வந்துடுச்சு. இன்னிக்குப் பாக்குறதுதான் கடைசி. ஆமாம்மா, கடைசி. இனிமே மனு போட்டாலும் பாக்க ஆள் இருக்கமாட்டான்.

தண்ணி வேண்டாம்மா, நீ குடி. அவனைத் தூக்குல போடுறதுக்குக்கூட மனசைக் கல்லாக்கி வச்சிருக்கேன். இப்ப என் கவலை வேற. வக்கீல் வந்து சொன்னாரு. உங்க பையன் வேற எதுவும் கேக்கல, இது வேணும் அது வேணும்னு ஒண்ணும் சொல்லல, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்னாரு. அப்பா நிஜமாவே கை தட்டினாரா? அம்மா பக்கத்துலதானே இருந்தாங்க, அம்மா வந்து சொல்லட்டும். அப்படின்னானாம்.

நீயும் பாத்திருக்கியா, அவரு டிவியில கை தட்டின வீடியோவை? பாக்காதவங்க யாரு இருக்கா? எல்லார் போன்லயும் அதுதான் ஓடுச்சு. பெத்த அப்பனே தட்டிட்டான், அப்புறம் மத்தவனுக்கு என்னடான்னு அதுக்குக் கீழ எழுதுறான். முடி வெட்டுற கடையில, டீக்கடையில, எங்க போனாலும் இதே பேச்சு. உள்ள காவல்காரர் யாரோ இவனுக்கும் காட்டியிருக்காங்க. காட்டலாமா? நீயே சொல்லு, காட்டலாமா அதை?

அதான் சொல்றேன் கேளு. நடந்தது வேற.

தூக்கு வேணுமா வேண்டாமான்னு ஒரு பட்டிமன்றம் மாதிரி நடத்துறாங்கல்ல டிவியில, இந்தப் பக்கம் கொஞ்சம் பேரு அந்தப் பக்கம் கொஞ்சம் பேரு. எங்களையும் கூப்பிட்டாங்க. பெத்தவங்க வந்து நாலு வார்த்தை பேசினா மனு பாக்குறவங்க மனசு இளகும்னு வக்கீலும் சொன்னாரு. போனோம். ஐயோ, அந்த இடத்துக் குளிரு இருக்கே! பொணத்தை வைக்கிற ரூம் தேவலாம். பேச வந்தவங்க எல்லாம் மூஞ்சிக்குப் பவுடர் போட்டு, ஒருத்தரை ஒருத்தர் நலம் விசாரிச்சுக்கிட்டு, பிஸ்கட்டு தின்னுக்கிட்டு நிக்கிறாங்க. லைட் போட்டதும் பாரு, அதே ஆளுங்க ஒருத்தர் குடலை ஒருத்தர் உருவுறாங்க. ஒருத்தர் எழுந்து, இவனுக்கெல்லாம் நம்ம வரிப்பணத்துல ஏன் சோறு போடணும்ங்குறாரு. இன்னொரு அம்மா எழுந்து, அரசாங்கம் உயிரை எடுத்தா அதுவும் கொலைதானேங்குது. எல்லாம் நியாயமாத்தான் இருக்கு. அதுதான்ம்மா கொடுமை. ரெண்டு பக்கமும் கேக்கக் கேக்க எனக்குத் தலை சுத்துது. எல்லாரும் என் பையனைப் பத்திதான் பேசுறாங்க, ஆனா என் பையன் அதுல எங்கயும் இல்ல.

அவரு நாற்காலி மாறி உக்காந்த விஷயத்துக்கு வர்றேன். காதுல மிஷின் மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. உக்காருங்க, எழுந்திருங்க, நீங்க வெள்ளைச் சட்டை, பின்னாடி போங்கன்னு மேய்க்குது. நடுவுல ஒரு இடைவேளை. அப்ப பாத்தா எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி காலியா இருக்கு. டிவியில காலி நாற்காலி தெரியக்கூடாதாம். இந்தப் பொண்ணு வந்து எங்காளு கையைப் பிடிச்சு, ஐயா இப்படி வாங்கன்னு கூட்டிட்டுப் போயிடுச்சு. இந்த மனுஷன்தான் கல்லுளிமங்கனாச்சே, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கணும்ல? நாலு பேரு முன்னாடி நின்னா இவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. போய் உக்காந்துட்டாரு. எங்க உக்காந்தாரு? டீச்சர் பொண்ணுக்குப் பக்கத்துல.

அந்தப் பொண்ணு பேசுச்சு. அம்மா அப்பாவைப் பத்திப் பேசுச்சு. கடைசியில, அவனைத் தூக்குல போட்டாத்தான் நான் தூங்குவேன்னு சொல்லுச்சு. ஓரமா ஒருத்தர் நின்னு ரெண்டு கையையும் மேல தூக்குவாரு, அப்ப எல்லாரும் தட்டணும், முதல்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க. அவரு தூக்கினாரு. எல்லாரும் தட்டினாங்க. எங்காளும் தட்டிட்டாரு. கல்யாண வீட்டுல மேடையில யாரோ பேசினா நாம தட்டமாட்டமா, என்ன ஏதுன்னு தெரியாம? அந்த மாதிரி. ட்ரில்லு போட்டுப் போட்டு அவருக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. அந்தப் பொண்ணு இருந்தது அந்தப் பக்கம். என்ன பேசுச்சுன்னே இவருக்குத் தெரியாது. தட்டினாரு. கேமராவும் அந்த நேரம் பாத்து அவர் மேல வந்து நின்னுச்சு. விதின்னு ஒண்ணு இருக்குல்ல.

என்னது? அழுதாரா? அது குளிரும்மா. அவருக்குக் குளிர் பட்டாலே கண்ணுல தண்ணி கொட்டும்.

தலையாட்டினாரா? ஆமா, அந்த நிகழ்ச்சி நடத்துறவரு மைக்கைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து, நீங்க யாருன்னு கேட்டாரு. பையனோட அப்பான்னு இவரு சொன்னாரு. நீங்களும் இதைத்தான் சொல்றீங்களான்னு கேட்டாரு, இவரு தலையாட்டிட்டாரு. மூக்குக்கிட்ட மைக்கை நீட்டினா யாராயிருந்தாலும் தலையாட்டத்தான் செய்வாங்க.

அதுவும் சரிதான். காது கேக்காதவருக்கு இது மட்டும் எப்படிக் கேட்டுச்சு? நல்லாக் கேட்டம்மா. இரு. அந்த நடத்துறவரு குனிஞ்சு கேட்டாருல்ல, கேக்குற காது பக்கம். ஆமா, அப்படித்தான். நீங்க யாருன்னு கேட்டது கேட்டுச்சு. ரெண்டாவது கேள்வி கேக்கும்போது சுத்தி எல்லாரும் தட்டுற சத்தம். அதுல கேக்கல. சரியா வருதுல்ல?

என்ன? டீச்சர் பொண்ணு அவருக்கு வலது பக்கமா இருந்துச்சா, அந்த வீடியோவுல? அப்படியா? நல்லாத் தெரியுமா உனக்கு? சரி, அப்ப வலது காதுதான் கேக்காது. நான் என்ன சொன்னேன், இடதுன்னா சொன்னேன்? எனக்கு எப்பவுமே இந்த வலது இடது குழப்பம்தான், செருப்பையே மாத்திப் போடுவேன்.

முடிஞ்சு வெளிய வந்தா, தூக்கு வேண்டாம்னு பேசின அம்மா எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்குது. இவரை ஏன் கூட்டிட்டு வந்தீங்க, எங்க பேச்சே எடுபடாமப் போச்சேங்குது. தூக்குல போடணும்னு பேசினவரு என்னடான்னா, எந்த பஸ்ஸும்மா உங்களுக்கு, கார்ல இறக்கி விடட்டுமான்னாரு. உலகத்தை என்னன்னு சொல்ற? அதுக்கப்புறம்தான் மனு திரும்பி வந்தது. அதனாலதான் வந்துச்சா, எப்படியும் வந்திருக்குமா, யாருக்குத் தெரியும்? வக்கீல் எப்படியும் வந்திருக்கும்கிறாரு. என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாருன்னு நினைக்கிறேன்.

அவரா? வரலம்மா. மூட்டு வலி. படி ஏறமாட்டாரு. ஒருத்தரைத்தான் உள்ள விடுவோம்னு வேற சொல்லிட்டாங்க.

ரெண்டு பேரை விடுறாங்கன்னு எழுதிப் போட்டிருக்கா? எங்க? அந்த போர்டுலயா? நீ படிச்ச பொண்ணு. எல்லாத்தையும் படிச்சிடுற.

இரு. கூப்பிடுறாரா? இல்ல, அது வேற பேரு. அடுத்தது நானாத்தான் இருக்கும்.

ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. நான் சொன்னது நம்புற மாதிரி இருந்துச்சா? அந்த நாற்காலி, கை தூக்கினவரு, காது, எல்லாம். கோர்வையா வந்துச்சா? நடுவுல எங்கயாவது எனக்குக் குரல் மாறுச்சா? சின்ன வயசுலயிருந்தே அவங்கிட்ட ஒரு பொய் சொல்ல முடியாது, என் கண்ணைப் பாத்தே பிடிச்சிடுவான். அதான் காலையிலயிருந்து, வர்ற வழியெல்லாம், மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். வெளிய சத்தமா சொன்னது உங்கிட்டதான் முதல்ல.

அப்படிப் பாக்காதம்மா. யாரும் அவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகல. என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. டீச்சர் பொண்ணு எதிர்ப்பக்கம், முன்வரிசையில. எங்க பக்கத்துலதான் யாரும் உக்காரமாட்டாங்கன்னு நான் நினைச்சிருந்தேன். அந்தப் பொண்ணு பக்கத்துலயும் யாரும் உக்காரல. செத்த வீட்டுக்காரின்னா ஒரு பயம் போல. எங்காளு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இடைவேளை விட்டதும் எழுந்தாரு. எங்க போறீங்கன்னு வேட்டியைப் பிடிச்சு இழுத்தேன். பாப்பா தனியா உக்காந்திருக்கும்மான்னுட்டுப் போயிட்டாரு. அந்தப் பொண்ணும் எழுந்து போகல. அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

வீட்டுக்கு வந்து நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். தெரியாமத் தட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும் எனக்குன்னு காலைப் பிடிச்சுக் கேட்டேன். தெரிஞ்சுதான் தட்டினேன்னாரு. பையை எடுத்துக் குடுத்து அனுப்பினவன் நான், அந்தப் பொண்ணு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியலன்னாரு. அவன் கேட்டாலும் அப்படியே சொல்லு, அவனுக்குப் புரியும், பொய் சொல்லி அனுப்பாதன்னாரு.

எனக்கு அதெல்லாம் வேண்டாம்மா. நியாயம் பேச ஊரே இருக்கு. அவன் போகும்போது, எங்கப்பா ஒரு நாற்காலி மாறி உக்காந்துட்டாருன்னு நினைச்சுக்கிட்டுப் போகட்டும்.

மூட்டு வலியெல்லாம் இல்ல. அதோ கேட்டுக்கு வெளிய, பூட்டின சைக்கிள் கடைப் படியில தெரியுது பாரு, நீலச் சட்டை. அவருதான். மகனை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்னு காலையிலயிருந்து கெஞ்சுறாரு. உள்ள வந்தா அந்த மனுஷன் உண்மையைச் சொல்லிடுவாரு. நான்தான் வரக்கூடாதுன்னுட்டேன். கடைசியா அவன் மூஞ்சிய அவரு பாக்கமாட்டாரு. பாவம்தான். நான் என்ன செய்ய?

ஆங், இப்ப என்னைத்தான் கூப்பிடுறாங்க. வர்றேங்க, வர்றேன்! செருப்பு சரியா இருக்கா பாரு. நீ பயப்படாம இரு, உன் வீட்டுக்காரர் வந்துடுவாரு. இந்தாம்மா, ஒண்ணே ஒண்ணு. கடைசியா எந்தக் காதுன்னு சொன்னேன்? வலதுதானே?