காற்றில் ஓடும் கார்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த காரு. இன்ஜினைக் கழட்டிட்டு பேட்டரி மோட்டார வச்சு, மேல காத்தாடிய மாட்டுனீக. இப்ப பஸ்ஸுல போறோம்."

"ஓட ஓடக் காத்தாடி சுத்தும். சுத்தச் சுத்த பேட்டரி சார்ஜ் ஏறும். கணக்கு சரியாத்தான் இருக்கு."

"அந்தக் காத்தாடிய இழுக்கவே பேட்டரி பூராவும் தீந்துபோச்சே. சூலக்கரையில இருந்து வீடு வரைக்கும் தள்ளுனது நானும் எங்கண்ணனும். நீக ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீக."

"அன்னைக்குக் காத்து இல்ல."

"ஓட்டிப் பாத்துட்டாவது அச்சுக்குக் குடுத்திருக்கலாம்ல. சொந்தமா அச்சாபீஸ் இருக்குங்கிறதுக்காக, ஓடாத காரு படத்தைக் காலண்டர்ல போட்டு, 'காற்றில் ஓடும் கார்'னு பேரும் எழுதி, சொந்தக்காரக வீடு பூராவும் குடுத்தாச்சு. தெனமும் தாள் கிழிக்கையில எல்லாரும் அதத்தான் பாக்குறாக."

கணவர் மெதுவாக, "ஆடி மாசக் காத்து வரட்டும், பாரு" என்றார்.

"பாக்கத்தான் போறேன். அம்புட்டு வீட்டுச் செவத்துலயும் காலண்டர் ஆடும். காரு அங்கனயேதான் நிக்கும்."