பெயரை விட்டுக் கைகளைக் காத்தவர்

அவைத் தலைவர் கேப்டன் லேக் அவர்களே, கடல் கண்ட பெரியோர்களே, கனிவு கொண்ட தாய்மார்களே, சிப்பிக் கொட்டகையிலிருந்து ஈர உடையோடு ஓடிவந்திருக்கும் சகோதரிகளே! சிப்பி உடைக்கும் ரோடா ஸ்கின்னரின் வணக்கம்.

முன்வரிசையில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் ஓவியர் கொர்டீலியா ஹாலோவெல்லை அறியாதவர் இந்த வளைகுடாக் கரையில் உண்டா? அவர் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போடத் தொடங்கிய காலத்தில், பெண் வரைந்தது என்று தெரிந்தால் மதிப்பிருக்காதாம். தலைப்பெழுத்துகளை மட்டுமே போட விட்டார்கள். பிறகுதான் முதல் அட்டைப்படம் கேட்டார்கள். முழுப் பெயரும் போடுவோம் என்றார்கள்.

யாரை வரைந்தார்? சீமாட்டியையா? சிங்காரியையா? இந்த ரோடாவை! சிரிக்காதே லாவினியா, அன்றைக்கு நானும் அழகுதான். வீங்கிய மூட்டு, கத்தித் தழும்பு, இடது கையில் சுற்றிய துணி எல்லாவற்றையும் உள்ளபடி வரைந்தார்.

அச்சுக்கு முன் பார்த்துவர நியூயார்க் போனார். துணைக்கு நானும் போனேன். படத்தில் முகம் என்னுடையது. கைகளோ, கோப்பையைத் தவிர எதையும் தூக்கியறியாத கைகள்! அலுவலக ஓவியர் மேலே பூசி அழகாக்கிவிட்டாராம்.

"இது யாரோட கை சார்?" என்று கேட்டார் மிஸ் ஹாலோவெல்.

"வாங்குறவங்களுக்குப் பிடிக்கணும்ல மிஸ் ஹாலோவெல்? உங்க பேரைப் பாருங்க, எவ்வளவு பெருசு," என்றார் பத்திரிகை ஆசிரியர்.

"இந்தக் கையால சிப்பி உடைச்சா ரத்தக்களறிதான். ரோடா கையே வரணும்."

"விக்கலைன்னா பொம்பளை போட்ட படம்னு என்னைத்தான் திட்டுவாங்க. கை வேணும்னா பேரை எடுத்துடுவேன்."

நான் அவர் முழங்கையை இழுத்தேன். "விட்டுடுங்க மிஸ். என் கை என்ன பெரிய கை? உங்க பேரு வரட்டும்."

"நீ சும்மா இரு ரோடா," என்றார். "பேரை எடுத்துடுங்க சார்."

அங்கேயே நின்று என் கைகளை மறுபடி வரைந்தார். அந்த அட்டை விற்றதா என்றா கேட்கிறீர்கள்? எந்தக் கொட்டகைச் சுவரில் அது இல்லை? பின்னாளில் எத்தனையோ அட்டைகளில் அவர் பெயர் முழுதாக வந்தது. எங்கள் படத்தின் மூலை மட்டும் வெறுமையாகவே நின்றது. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

அவர் வரைந்த அந்த ஓவியத்தையே இந்த மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். இதோ, என் பின்னால் இருக்கிறது. பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் இந்தத் தழும்புக் கைகளைக் கூப்பி நன்றி சொல்கிறேன்.

மிஸ் ஹாலோவெல், மேடைக்கு வாருங்கள். தூரிகையும் மையும் தயாராக இருக்கின்றன. அந்த மூலையில் உங்கள் முழுப் பெயரையும் எழுதுங்கள். கை நடுங்கினால் கவலைப்படாதீர்கள், தாங்கிப்பிடிக்க என் கை இருக்கிறது.