காலை ஆறு முதல் ஏழு

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது என்றால் அது என் வேலை. என் தங்கையைப் பத்தாயிரம் மீட்டர் ஓடச் சொன்னால் ஓடிவிடுவாள். போனில் நாலு வரி தட்டச் சொன்னால் கொட்டாவி வந்துவிடும். அவளுடைய புதுப் பயிற்சியாளர் அவளுக்கு ஊக்கமருந்து கொடுத்தாரா என்று விசாரிக்கிறீர்கள். இல்லை ஐயா. படிவத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

அவளைப் போன்றவர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் அந்த நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுவார்கள். ஒரு வருடத்தில் மூன்று முறை ஆள் இல்லையென்றால் தடை. ஆறு வருடமாக நான்தான் எழுதினேன்: காலை ஆறு முதல் ஏழு, என் வீடு. அவளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் வேறு குழுவுக்குப் போனாள். எட்டு மணி நேர ரயில் பயணம். எனக்குக் கோபமெல்லாம் இல்லை, பெட்டியை நானே கட்டிக் கொடுத்தேன். "படிவத்த மட்டும் நீயே பாத்துக்கோண்ணா, எனக்கு அதெல்லாம் தலைவலி" என்றாள்.

முதல் தவறு நிஜமாகவே மறதி. முகவரியை மாற்றவில்லை. சோதனைக்கார அம்மா வந்தார், காபி கொடுத்தேன், ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். எச்சரிக்கைக் கடிதமும் என் முகவரிக்கே வந்தது, அவளிடம் சொல்லவில்லை. அதே வாரம் அவள் தன் நேரத்தில் பதினோரு நொடி குறைத்தாள். போனில் அப்படிச் சிரித்தாள். என்னோடு இருந்த ஆறு வருடத்தில் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை. தெரிந்தேதான் பழைய முகவரியை எழுதினேன். "எழுதிட்டியாண்ணா?" என்று கேட்பாள். "எழுதிட்டேம்மா" என்பேன். எழுதத்தானே செய்தேன். அந்த அம்மா இன்னும் இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறை என்மேல் இரக்கப்பட்டு, காபி வேண்டாம் என்றார்.

குழு மாறினாள், வேகம் கூடியது, சோதனைக்குப் பயந்து ஒளிகிறாள் என்று பத்திரிகைகள் எழுதின. யார் நிரப்பினாலும் பொறுப்பு ஓடுகிறவருடையது என்பது விதி. இரண்டு வருடத் தடை. புதுப் பயிற்சியாளர் அவள் போனை எடுக்கவே இல்லை. அவர் பெயரும் கெடக் கூடாதே.

ஒற்றைப் பையோடு வந்து நின்றாள். "முகவரிய மாத்த மறந்துபோயிட்டேம்மா" என்று அழுதேன். அழுகை உண்மைதான். அவளே என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "விடுண்ணா. நான் எதுவும் போட்டுக்கலன்னு உனக்குத் தெரியும்ல? அது போதும்."

தெரியும். உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்போது அவள் ஓடுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை. போன வாரம் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றாள். இறக்கிக் கூட்டிவந்தேன். அன்றிலிருந்து மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி என்னிடம். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

தடையில் இருந்தாலும் படிவம் உண்டு ஐயா. நேற்றும் எழுதினேன்: காலை ஆறு முதல் ஏழு, என் வீடு. வேண்டுமானால் வந்து பாருங்கள், இருப்பாள். இப்போது அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.